டீசைசிங் தண்ணீரில் பி.வி.ஏ.: விளக்கா, வெயிலா, பாக்டீரியாவா, பில்டரா?

நெய்த துணியை வாங்கி, கஞ்சி நீக்கி, ப்ளீச் செய்து, சாயம் போட்டுக் கொடுக்கும் யூனிட்டுகள் ஈரோடு, பள்ளிபாளையம், கரூர் பக்கம் நிறைய உண்டு. டீசைசிங் (கஞ்சி நீக்கும்) தண்ணீரில் வரும் பி.வி.ஏ. என்ற கஞ்சிப் பாலிமரை ஒழிக்க யு.வி. ரியாக்டர், அதாவது புற ஊதா விளக்கு பொருத்திய கலன், வாங்கலாமா என்பது அங்கே அடிக்கடி எழும் கேள்வி. ஒரு பீக்கரில் கொழகொழப்பான தண்ணீரை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, விளக்கடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது வெறும் தண்ணீர் போல ஓடும். பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும். அதே பீக்கரின் சி.ஓ.டி.யை, அதாவது அதிலுள்ள கழிவை வேதிமுறையில் எரிக்க வேண்டிய ஆக்சிஜன் அளவை, அளந்தால் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.வி.ஏ. சங்கிலியை வெட்ட ஒளி அருமையான கருவி. அதே சங்கிலியைக் கடைசிக் கார்பன் வரை எரித்துத் தீர்க்க ஒளியை நம்பினால் கரண்ட் பில்லும் பெராக்சைடு பில்லும் யூனிட்டை மூழ்கடிக்கும். ஆகவே எந்த ரியாக்டர் வாங்குவது என்று யோசிக்கும் முன், ஒளிக்குப் பிறகு உங்கள் பிளான்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பி.வி.ஏ., அதாவது பாலிவினைல் ஆல்கஹால், பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் வருகிறது. தனிப் பருத்திக்கு ஸ்டார்ச் போதும். பாலியஸ்டர் கலந்த நூலுக்கும் மெல்லிய கவுண்ட்டுக்கும் ஸ்டார்ச் சரியாக ஒட்டாது, அதனால் பி.வி.ஏ. சேர்க்கிறார்கள். தறியில் நூல் அறாமல் காப்பதோடு அதன் வேலை முடிந்தது. சைசிங்கில் ஏறிய அத்தனை கிலோவும் டீசைசிங்கில் வெந்நீரோடு இறங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் பி.வி.ஏ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் முழுவதும் எரிய 1.82 கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கில், சி.ஓ.டி. லிட்டருக்கு 9,000 மில்லிகிராமைத் தாண்டும். இது பி.வி.ஏ.வின் பங்கு மட்டுமே. மெழுகு, காஸ்டிக், பஞ்சு எல்லாம் தனி. ஸ்டார்ச்சை எந்த ஏரேஷன் டேங்கும் (காற்று ஊதி பாக்டீரியா வளர்க்கும் தொட்டி) சாப்பிட்டுவிடும். பி.வி.ஏ. அப்படியில்லை. டேங்கில் நுரை கட்டி வழியும், தப்பிப் போய், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெம்பரேனில் படியும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, துளிக் கழிவும் வெளியே விடாத முறை இங்கே தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதில் ஆர்.ஓ. அடைத்தால் பிளான்ட்டே நிற்கும்.

வெயிலில் காயவிட்டால் தானாக அழியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அழியாது. பி.வி.ஏ.வில் இருப்பவை சாதாரண ஒற்றைப் பிணைப்புகள். அவை 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத்தான் உறிஞ்சும். தரைக்கு வந்து சேரும் வெயில் ஏறக்குறைய 290 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. உறிஞ்சாத ஒளியால் எந்த மாற்றமும் நடக்காது. தயாரிப்பின்போது சங்கிலியில் ஆங்காங்கே தங்கிவிட்ட கார்போனில் தொகுதிகள் 280-ஐ ஒட்டிக் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் அதை நம்பி ஒரு குளம் வெட்ட முடியாது. தண்ணீர் வற்ற வற்ற மேலே ஆடை கட்டும், அதை விரலால் உரித்து எடுக்கலாம். தண்ணீர் ஊற்றினால் மறுபடி கரைந்து பழைய பி.வி.ஏ.வாகவே நிற்கும்.

ஆகவே ஒளி நேரடியாகச் செய்ய முடியாததை ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதையும் உடனே தாக்கும் OH துகள்) மூலமாகச் செய்ய வைக்கிறோம். கீழே வரும் ஒளி வழிகளில் பெரும்பாலானவை இந்த ரேடிக்கலைப் பிறப்பிக்கும் வெவ்வேறு முறைகள்தான். ரேடிக்கல் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அந்த இடத்தில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. அதற்குப் பிறகு இரண்டு வழி. பெரும்பாலும் அந்தக் கார்பன் கீட்டோனாக மாறுவதோடு நின்றுவிடும், சங்கிலி அறாது. சிறுபான்மை முறைகளில்தான் சங்கிலி அங்கேயே துண்டாகிறது. விழும் அடியெல்லாம் வெட்டு ஆகாது.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம், தேர்வு முழுவதும் இதில்தான் தொங்குகிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு ரகத்தின் சங்கிலியில் 1,700 அலகுகள் இருக்கும், மூலக்கூறு எடை சுமார் 75,000. இதை 1,000 எடையுள்ள துண்டுகளாக்க 74 வெட்டு போதும். முழுவதும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆக்க, ஓர் அலகுக்கு 5 ஆக்சிஜன் அணு வீதம் 8,500 அணுக்கள் வேண்டும். வெட்டுவது எரிப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல அடிக்கு ஒரு வெட்டுதான் விழும் என்று சேர்த்துக்கொண்டாலும் இடைவெளி பெரியது.

அதையே கிலோவில் பார்ப்போம். ஒரு கிலோ பி.வி.ஏ.வைப் பெராக்சைடு மட்டுமே கொண்டு எரிக்கக் கணக்குப்படி 3.86 கிலோ தூய ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். நம் ஸ்டோரில் ப்ளீச்சிங்குக்கு நிற்கும் 50 சதவீதச் சரக்கில் 7.7 கிலோ. நாளைக்கு 10,000 லிட்டர், லிட்டருக்கு 5 கிராம் என்றால் 50 கிலோ பி.வி.ஏ., அதற்கு அதே 50 சதவீதச் சரக்கு 386 கிலோ. கரண்ட்டையும் பாருங்கள். 254 நானோமீட்டர் விளக்கு, வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அந்த ஒளியாகக் கொடுக்கும். ஒரு ஃபோட்டானுக்கு ஒரு பெராக்சைடு மூலக்கூறு உடைகிறது என்ற மிகத் தாராளமான கணக்கிலேயே ஒரு கிலோ பி.வி.ஏ.வுக்கு 40 யூனிட் கரண்ட்டுக்கு மேல் ஓடும். காற்றின் ஆக்சிஜன் கொஞ்சம் கை கொடுக்கும், வீணாகும் ஒளி அதைவிட அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். இன்றைய பெராக்சைடு விலையையும் உங்கள் யூனிட் கட்டணத்தையும் போட்டுப் பெருக்கினால், மேற்கொண்டு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

விளக்கும் பெராக்சைடும்

வெட்டுவதற்கு மட்டும் என்று முடிவு செய்தால் இது கையாள மிக எளிய வழி. பெராக்சைடு ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கிறது, ஊற்றத் தெரிந்த ஆளும் இருக்கிறார். ஸ்லட்ஜ் (அடியில் படியும் சேறு) வராது, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஏறாது. ஆர்.ஓ.வும், அது ஒதுக்கும் உப்புத் தண்ணீரை வற்றவைக்கும் எவாப்பரேட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரியது.

சிக்கல் ஒளி தண்ணீருக்குள் போவதில் இருக்கிறது. பெராக்சைடு 254-இல் மிகக் குறைவாகவே உறிஞ்சும். லிட்டருக்கு 1 கிராம் பெராக்சைடு இருந்தாலும் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் அதன் உறிஞ்சல் 0.56 அளவுதான். டீசைசிங் தண்ணீரில் பருத்தியின் மஞ்சளும் மெழுகும் மிதக்கும் பஞ்சும் சேர்ந்து தாமே 1 அளவுக்கு உறிஞ்சினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட வீண். அதற்காகப் பெராக்சைடை மேலும் கொட்டினாலும் ஆகாது, மிஞ்சிய பெராக்சைடே ரேடிக்கலை விழுங்கத் தொடங்கும். மொத்தமாக ஒரே தடவை ஊற்றாமல் பல தவணையாகக் கொடுப்பது இதனால்தான் நல்ல பலன் தருகிறது.

அடுத்தது காஸ்டிக். கஞ்சி நீக்கத்தையும், காஸ்டிக்கில் வேகவைத்து மெழுகு நீக்கும் ஸ்கவரிங்கையும் ஒரே பாத்தில் முடிப்பது இங்கே வழக்கம். அந்தத் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருக்கும், அது ரேடிக்கலைப் பிடித்துத் தின்றுவிடும். ப்ளீச்சிங் வடிகாலில் மிஞ்சிய பெராக்சைடை இதற்குத் திருப்பலாமே என்ற யோசனை காதுக்கு இனிமையாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் காரத்தோடும் சிலிகேட்டோடும் வருவதால் இலவசப் பெராக்சைடைவிடத் தொல்லைதான் அதிகம். டீசைசிங்கின் முதல் கழுவல் தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்து எடுக்க முடியாத யூனிட் விளக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்து எடுத்தால் அளவு குறையும், பி.வி.ஏ.வின் அடர்த்தி கூடும், காரமும் இருக்காது.

அடர்த்தி கூடுவதில் ஓர் அபாயமும் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பி.வி.ஏ. ரேடிக்கல்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும், சங்கிலி அறுவதற்குப் பதிலாகப் பின்னிக்கொண்டு ஜெல்லாகும். மருத்துவத்துக்கான ஹைட்ரோஜெல் தயாரிப்பவர்கள் காற்றை வெளியேற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்து இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். நம் ரியாக்டரில் அது நடந்தால் குவார்ட்ஸ் குழாயின் மேல் கோந்துப் படலம் படியும், ஒளி இன்னும் குறையும். அதனால் ரியாக்டருக்குள் காற்று ஊத ஏற்பாடு வேண்டும். குவார்ட்ஸைத் துடைக்கும் வைப்பர் இல்லாத மாடலை வாங்க வேண்டாம்.

வெயிலும் இரும்பும்

இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் கடும் ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்று 1894-இல் ஃபென்டன் எழுதினார். வெயிலைச் சேர்த்தால் அது இன்னும் வேகமாகும். பெராக்சைடோடு வினைபுரிந்து ஃபெர்ரிக்காக மாறிய இரும்பை ஒளி மறுபடி ஃபெர்ரஸாக்கிவிடுகிறது, அப்படி ஆக்கும்போதே இன்னொரு ரேடிக்கலையும் பிறப்பிக்கிறது. இதற்கு 254 தேவையில்லை, 400-ஐ ஒட்டிய ஒளியே போதும். வெயில் அதை இலவசமாகக் கொடுக்கிறது. கரண்ட் செலவு பம்ப்புக்கு மட்டும். அன்னபேதி (ஃபெர்ரஸ் சல்பேட்) எந்தக் கெமிக்கல் கடையிலும் கிடைக்கும். ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆய்வு நிலையத்தில் வளைந்த கண்ணாடிச் சேகரிப்பான்களில் பல வருடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் ஆழமில்லாத திறந்த வாய்க்காலில் தண்ணீரைச் சுற்ற விடும் எளிய முறையையும் அல்மேரியாவில் சோதித்தார்கள். நம் ஊருக்கு அந்த வாய்க்கால்தான் பொருந்தும்.

எனக்கு மனதளவில் மிகவும் பிடித்த வழி இது. ஆனாலும் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியவில்லை. இது நன்றாக ஓட பி.ஹெச். 2.8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். காரத் தண்ணீரை அங்கே இறக்க ஆசிட், வேலை முடிந்து மேலே ஏற்றச் சுண்ணாம்பு. ஏறிய சல்பேட்டெல்லாம் டி.டி.எஸ். ஆகி எவாப்பரேட்டருக்குப் போகும். சுண்ணாம்பு போட்டதும் இரும்பு ஸ்லட்ஜாக இறங்கும், வெட்டுப்படாத பி.வி.ஏ.விலும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். சி.ஓ.டி. குறைந்துவிட்டதாக ரிப்போர்ட்டில் தெரிவதில் அந்தப் பங்கும் அடக்கம், அது ஸ்லட்ஜுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஸ்லட்ஜை உலர்த்தி, வைத்து, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பும் செலவு உங்களுடையது. உப்பு கலந்த சாயத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம், அமிலத்தன்மையில் குளோரைடு ரேடிக்கலைத் தடுக்கும்.

ஆக்சலேட், சிட்ரேட் போன்றவற்றோடு இரும்பைக் கட்டிப் போட்டால் பி.ஹெச். அவ்வளவு கீழே போக வேண்டியதில்லை. ஆனால் சேர்த்த சிட்ரேட்டும் சி.ஓ.டி.தான். டீசைசிங் தண்ணீர் வெறும் வெந்நீர்க் கழுவலாக, காரமில்லாமல் வருகிறது, தரையில் இடம் இருக்கிறது, இரவுத் தண்ணீரைத் தேக்கிப் பகலில் விடக் கொள்ளளவு இருக்கிறது என்றால் மட்டும் இதைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் படுத்துவிடும், அந்த வாரங்களுக்கும் ஏற்பாடு வேண்டும்.

டைட்டானியம் டை ஆக்சைடு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதன் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரியும் என்று காட்டியது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அது 388 நானோமீட்டருக்குக் கீழேயுள்ள ஒளியைத்தான் பயன்படுத்தும், வெயிலின் ஆற்றலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. பொடியாகக் கலந்தால் பிறகு பிரித்து எடுக்க வேண்டும். பி.வி.ஏ.வோ நுண்துகள்களைப் படியவிடாமல் தண்ணீரில் நிறுத்தி வைப்பதற்கென்றே தொழிற்சாலைகளில் வாங்கப்படும் பொருள். பிரிக்க வேண்டிய பொடியை மிதக்க வைக்கும் பொருளோடு சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தகட்டில் பூசினால் பிரிக்கும் வேலை இல்லை, வேகமும் இல்லை. இந்தத் தண்ணீருக்கு வேண்டாம்.

பெர்சல்பேட்டும் விளக்கும் சேர்ந்த முறை பி.வி.ஏ.வை நன்றாகவே வெட்டும். ஒரு கிலோ சோடியம் பெர்சல்பேட் போட்டு, பின் காஸ்டிக்கால் நடுநிலையாக்கினால் 1.2 கிலோ சோடியம் சல்பேட் மிஞ்சும். எவாப்பரேட்டர் வைத்திருப்பவர் இதைத் தொட வேண்டாம்.

ஒளியே இல்லாத இரண்டு வழிகள்

பி.வி.ஏ.வைக் கழிவு என்று நினைக்காமல் சரக்கு என்று நினைத்தால் கதை மாறும். அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேனில் வெந்நீரைச் செலுத்தினால் 75,000 எடையுள்ள சங்கிலி இந்தப் பக்கம் தங்கும், சுத்தமான சூடான தண்ணீர் அந்தப் பக்கம் போகும். தங்கியதை அடர்த்தியாக்கி மறுபடி சைசிங் கெட்டிலுக்கு அனுப்பலாம், போன வெந்நீரை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம். அமெரிக்க ஆலைகள் 1970-களிலேயே இதைத் தொடங்கிவிட்டன. வேதியியல் கணக்கில் இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் சைசிங்கும் தறியும் பிராசஸிங்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ், பக்கத்தில் இருக்க வேண்டும். கஞ்சியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், முக்கியமாக ஸ்டார்ச் கலக்கக் கூடாது. பத்துப் பார்ட்டியிடம் ஜாப் ஒர்க்குக்கு கிரே துணி (தறியிலிருந்து வந்தபடியே உள்ள துணி) வாங்கும் யூனிட்டுக்கு ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு கஞ்சி. அங்கே இது ஓடாது.

ஃபில்டரையும் ஒளியையும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒளி பட்ட பி.வி.ஏ. துண்டாகிவிடும், மெம்பரேனில் நழுவும், தப்பித் தங்கியதும் கஞ்சிக்கு உதவாது. மீட்பதானால் ஒளிக்கு முன்னால் மீட்க வேண்டும்.

அடுத்தது பாக்டீரியா. பி.வி.ஏ.வைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது. 1973-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை மட்டுமே உணவாக்கி வளரும் ஒரு சூடோமோனாஸ் வகையைப் பற்றி எழுதினார்கள். அதன் என்சைம்கள் முதலில் சங்கிலியின் ஆல்கஹாலைக் கீட்டோனாக்குகின்றன, பிறகு இரண்டு கீட்டோனுக்கு நடுவில் வெட்டுகின்றன. ரேடிக்கல் மூர்க்கமாகச் செய்வதை இவை நிதானமாகச் செய்கின்றன. இப்படிப்பட்டவை எல்லா ஏரேஷன் டேங்கிலும் இருக்காது. பி.வி.ஏ. தண்ணீர் நெடுங்காலம் தொடர்ந்து வரும் டேங்கின் ஸ்லட்ஜில் மெல்ல மெல்லப் பெருகும். லோடு ஒரு வாரம் வந்து மறுவாரம் வராமல் போனால் அவை குறைந்துவிடும். உங்கள் டேங்கில் பழகிய ஸ்லட்ஜ் இருந்து, தண்ணீர் போதிய நேரம் தங்கினால், எந்த விளக்கும் அதன் செலவுக்குக் கிட்டே வர முடியாது. குறை என்னவென்றால், நீளமான சங்கிலியை அவை பெரும்பாலும் செல்லுக்கு வெளியே வெட்டிய பிறகுதான் உள்ளே எடுக்கின்றன. நேரம் போவது அங்கேதான்.

ஒளி தன் காசுக்குத் தகுதியாகும் இடமும் அதுதான். முன்னால் ஒரு சிறிய யு.வி. ரியாக்டர் நீளச் சங்கிலியைத் துண்டாக்கிக் கொடுத்தால் பின்னால் டேங்க் மிச்சத்தை முடித்துக்கொள்ளும். ரியாக்டரின் வெற்றியை சி.ஓ.டி. குறைப்பைக் கொண்டு அளக்கவே கூடாது. பி.ஓ.டி.க்கும் (பாக்டீரியா தின்று தீர்க்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) சி.ஓ.டி.க்கும் உள்ள விகிதம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். விகிதம் ஏறுவது நின்ற இடத்தில் விளக்கை நிறுத்திவிடலாம், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பாக்டீரியா இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கரண்ட் கட்டுவதாகும். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய பெராக்சைடைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் டேங்கின் பாக்டீரியா செத்துவிடும். ப்ளீச்சிங்குக்குப் பின் போடும் அதே பெராக்சைடு கில்லர் என்சைம் போதும்.

ஆகவே, சொந்தத் தறியும் சொந்தச் சைசிங்கும் உள்ள ஆலை ஃபில்டருக்குப் போகட்டும். வெளித் துணி வாங்கும் யூனிட், முதலில் ஏரேஷன் டேங்கைச் சரி செய்யட்டும்: கொள்ளளவு, காற்று, தினமும் ஒரே அளவில் லோடு விட ஒரு சமன்படுத்தும் தொட்டி. அதற்குப் பிறகும் பி.வி.ஏ. தப்பி ஆர்.ஓ.வுக்கு வந்தால், டீசைசிங் முதல் கழுவலுக்கு மட்டும் சிறிய யு.வி. ரியாக்டர். இடமும் காரமற்ற தண்ணீரும் இருப்பவர்கள் அதே இடத்தில் வெயில் வாய்க்காலைப் போட்டுப் பார்க்கலாம். டேங்கே இல்லாமல், ரியாக்டர் மட்டும் வைத்து நேராக ஆர்.ஓ.வுக்கு அனுப்பும் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். துண்டான பி.வி.ஏ., அசிட்டிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்களோடு சேர்ந்து மெம்பரேனுக்குத்தான் போகும்.

ரியாக்டர் விற்பவரிடம் டெமோ கேட்கும்போது உங்கள் தண்ணீரையே கொடுங்கள், கடையில் வாங்கிய பி.வி.ஏ.வைக் கரைத்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். போரிக் ஆசிட் கரைசலும் அயோடின் கரைசலும் வைத்துக்கொண்டால் லேபிலேயே பார்த்துவிடலாம். பி.வி.ஏ. இருக்கும் தண்ணீரில் விட்டதும் நீலப் பச்சை எழும். ஸ்டார்ச்சும் அயோடினோடு நீலம் காட்டும் என்பதால் கலப்புக் கஞ்சியில் முதலில் டீசைசிங் என்சைம் போட்டு ஸ்டார்ச்சை முடித்துவிடுங்கள். விளக்கடியில் வைத்த சாம்பிளைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, மிஞ்சிய பெராக்சைடைக் கில்லரால் அழித்துவிட்டு இதே சோதனையைச் செய்தால் நிறம் படிப்படியாக மங்கிக் கடைசியில் அயோடினின் வெறும் மஞ்சள் நிற்கும். நீளச் சங்கிலி போய்விட்டது என்று மட்டும் அதற்கு அர்த்தம். அந்தச் சாம்பிளை சி.ஓ.டி.க்கும் பி.ஓ.டி.க்கும் அனுப்புங்கள். பெராக்சைடு மிஞ்சியிருந்தால் சி.ஓ.டி. சோதனையில் ஒவ்வொரு மில்லிகிராமும் 0.47 மில்லிகிராம் போலிக் கணக்கு காட்டும், பி.ஓ.டி. பாட்டிலில் பாக்டீரியாவையும் கொல்லும். பி.ஓ.டி. பாட்டிலுக்கு விதைக்க உங்கள் டேங்கின் ஸ்லட்ஜையே கொடுங்கள். வேறு டேங்கின் ஸ்லட்ஜ் தரும் எண் உங்கள் பிளான்ட்டுக்குப் பொருந்தாது.